ஏரிக்கரையில் ஒரு ‘ஒன்ஸ் மோர்’

போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் என் மச்சான் கன்னியப்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். என் பெண்டாட்டியின் தம்பி. ஒரு டம்ளர் மோர் கொடுப்பார்கள், குடித்துவிட்டு மத்தியான ரயிலில் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. மோர் வரவில்லை. அவன் மனைவி அஞ்சலை நாலு நெற்கதிரோடு வந்து நின்றாள். நகத்தால் பிதுக்கிக் காட்டினாள். பாலே ஏறவில்லை. வெறும் தோல்.

“வருசச் சோறு இது. காஞ்சிகினு கீது. உங்க மச்சானை இன்னான்னு கேளுங்கண்ணா!”

கேட்டேன். அவன் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்... பொறுமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் குறைவு. அப்படிப்பட்ட வருஷங்களில் மேற்கு வாய்க்காலுக்கு ஒரு நாள், கிழக்கு வாய்க்காலுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். முழுத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் ஓடினால்தான் கடைசி வயலுக்கு எட்டும். கன்னியப்பனுடையது கடைசி வயல். யாருக்கு முதல் முறை என்பதில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் சண்டை. மணியக்காரர் சொன்னால் மேலத்தெரு கேட்காது. தர்மகர்த்தா சொன்னால் கீழத்தெரு கேட்காது.

இரண்டு தெருவும் ஒருமனதாக நம்பிய ஆள் ஒருவர் இருந்தார். பூந்தமல்லியில் கொட்டகை போட்டிருக்கும் நாடகக் கம்பெனியின் ராஜபார்ட்!

ஏனென்றால், அவர் பொய்யே பேசாத ராஜாவாக வேஷம் கட்டுகிறார். நாடே போனாலும் பொய் சொல்லேன் என்று ராத்திரி ராத்திரி பாடுகிறார். அப்பேர்ப்பட்டவர் தீர்ப்பு தப்பாகுமா? ஐயா, வைத்தியர் வேஷம் போட்டவனிடம் நாடி பார்க்கக் கையை நீட்டுவீர்களா? நீட்டுவார்கள். எனக்கு இப்போது அதில் சந்தேகமே இல்லை.

வில்வண்டி கட்டி அழைத்து வந்திருக்கிறார்கள். மாலை, கற்பூரம், கரை கொள்ளாத கூட்டம். ராஜபார்ட் மதகைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டாராம். அங்கேயாவது யாருக்காவது உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேடைக் குரலில் முழங்கினாராம் — “ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பா? இரண்டு வாய்க்காலையும் திறவுங்கள்! இரவும் பகலும் ஓடட்டும்!”

ஒரே கைதட்டல். ‘ஒன்ஸ் மோர்!’ என்று ஒரு குரல். அவரும் இன்னொரு தடவை தீர்ப்புச் சொன்னாராம்! அந்த ‘ஒன்ஸ் மோர்’ போட்டது யார் என்கிறீர்கள்? என் மச்சானேதான்.

தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. பாதி வழியிலேயே மண் குடித்துவிட்டது. இரண்டு பக்கமும் கடைசி வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன. நல்ல சமநீதி!

வந்த ஆத்திரத்தில் ஒரு ஜட்காவைப் பிடித்து நேரே பூந்தமல்லிக்குப் போனேன். ராஜபார்ட் கொட்டகைக்குப் பின்னால் பனியனோடு உட்கார்ந்து இட்டிலி தின்றுகொண்டிருந்தார். திட்டத்தான் போனேன். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் மனுஷர் பதறிப்போனார்.

“சார், எனக்கு விவசாயத்தைப் பற்றி என்ன தெரியும்? எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறவன் நான். மாலை போட்டுக் கேட்டார்கள்... ஏதோ பேசிவிட்டேன்.”

பாவம், அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? நடிப்பது அவர் தொழில். நன்றாக நடித்தால் கைதட்டுங்கள், டிக்கெட் வாங்கி இன்னொரு தடவை பாருங்கள். மதகுச் சாவியை ஏன் அவர் கையில் கொடுக்கிறீர்கள்?

சாயங்காலம் திரும்பி வந்து, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். இனியாவது புத்தி வரும் என்று நம்பினேன். கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா மாமா! தெரியாதத தெரியாதுன்னே சொல்ட்டாரு! அந்த வாயில பொய்யே வராது!”

“அப்போ தண்ணி?” என்றேன்.

“அவரு சொன்ன தீர்ப்பு சொன்னதுதான். நாம மாத்தலாமா?”

அஞ்சலை அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அந்த வாயில பொய் வராது, சரி. நம்ம வாய்க்குச் சோறு வருமாய்யா?”

கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குக் கிளம்பினான் — அன்றைக்கும் நாடகம் உண்டாம்.