மழைக்குக் காய்ச்சல் வந்த நாள்

எழுபதுகளின் நடுப்பகுதியில், ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது இது. இடம், திருகோணமலை நகரத்திலிருந்து கண்டி வீதியில் வரும் கப்பல்துறை. மாரி மழை நான்கு நாட்களாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. குடாவிலிருந்து வரும் காற்று கிடுகு வேலியை ஊடறுத்துக்கொண்டு நேரே எலும்புக்குள் போகும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கோ சோதனையில் விஞ்ஞானப் பாடத்துக்குத் திறமைச் சித்தி, அதாவது நல்ல புள்ளியோடு பாஸ். அந்தச் சித்தியை நான் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்கள் மாதர் சங்கத்துக்கு அரசாங்கப் பண்ணையிலிருந்து நல்ல இனக் கோழிக்குஞ்சுகள் தருவதாகச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை இருந்தது. முதலில் ஒருவருக்கு மட்டும் முப்பது குஞ்சுகள். மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், கழித்து உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். குறைந்தது இருபது குஞ்சாவது உயிரோடு நின்றால்தான் சங்கத்தில் இருந்த மற்றப் பதினொரு பேருக்கும் கிடைக்கும். யாரைத் தெரிவு செய்வது என்று கூட்டத்தில் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "படிச்ச பிள்ளையிட்டைக் குடுங்கோ" என்றார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

குஞ்சுகளோடு ஒரு கைநூலும் வந்தது. மலைநாட்டுக் குளிருக்கென்று அச்சடித்தது. தமிழில் கைவசம் இருந்தது அது ஒன்றுதானாம். "மாரிக்கு இதுவும் உதவும்" என்று உத்தியோகத்தர் சொல்லித் தந்தார். முதல் கிழமை குஞ்சுப் பெட்டிக்குள் தொண்ணூற்றைந்து பாகை பரனைட் சூடு இருக்க வேண்டும் என்று அதில் அட்டவணை போட்டிருந்தது. அதை மனப்பாடம் செய்துவிட்டேன்.

தொண்ணூற்றைந்தை அளக்க வெப்பமானி வேண்டுமே! பிள்ளைப்பேறு பார்க்கும் கிராமத்து மருத்துவமாது அக்காவிடம் கெஞ்சி, காய்ச்சல் பார்க்கும் மானியை வாங்கி வந்தேன். மரப்பெட்டிக்குள் உமி பரப்பி, ஒரு மூலையில் கம்பிவலைக்குள் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி, மேலே சாக்குப் போட்டு, மானியை உள்ளே வைத்தேன். சங்கத்துப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி தன் வீட்டில் கோழிக்கூடு அடித்து முடித்துவிட்டதாகச் சொன்னாள். இன்னொருத்தி முட்டை விற்றால் மகளுக்குக் காலில் போடச் சப்பாத்து வாங்கப்போவதாகச் சொன்னாள். முப்பது குஞ்சுகளும் பெட்டிக்குள் கீச்சிட, நான் ஒரு விஞ்ஞானி போல நின்றேன்.

முதல் இரண்டு நாளும் பெட்டிக்குள் நல்ல வெயில் போலச் சூடு இருந்தது. மூன்றாம் நாள் மானியை எடுத்துப் பார்த்தேன். நூற்றிரண்டு.

"ஐயோ, கூடிப்போச்சு" என்று திரியைக் குறைத்தேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். நூற்றிரண்டு. சாக்கை எடுத்தேன். நூற்றிரண்டு. மறுநாள் லாம்பையே வெளியே எடுத்தேன். அப்போதும் நூற்றிரண்டு!

அதற்குள் மழை இன்னும் வலுத்துவிட்டது. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று, வழக்கமான கீச்சு இல்லாமல், நீளமாக அழுதன.

"பிள்ளை, அதுகள் குளிரில கத்துதுகள்" என்றார் அம்மா.

"அம்மா, உங்களுக்கு விளங்காது. நூற்றிரண்டு காட்டுது. அதுகளுக்கு வெக்கை."

"வெக்கையெண்டா ஏன் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறுதுகள்?"

அப்பா உடனே எனக்குத் துணைக்கு வந்தார். "இஞ்சேர், நீ சும்மா இரு. பிள்ளை படிச்சது."

நான் ஒரு படி மேலே போய், பெட்டியை வாசல்பக்கம் காற்றுப்படும் இடத்துக்கு இழுத்து வைத்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அன்று மத்தியானம் இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது. நான்காவதை எடுத்துக் கையில் வைத்தபோது அது உயிரில்லாமல் ஒரு ஈரத்துணி போல இருந்தது. எச்சம் பட்டிருந்த மானியைக் கழுவலாமென்று முற்றத்தில் மழைநீர் பிடித்து வைத்திருந்த வாளிக்குள் அதை விட்டு அலசினேன். தூக்கிப் பார்த்தேன்.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "இப்ப எவ்வளவு?"

"நூற்றிரண்டு."

அவர் வாளிக்குள் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "ஐஸ் மாதிரியெல்லோ கிடக்கு." சிறிது நேரம் யோசித்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார். "ஏன் பிள்ளை, மழைக்கும் காய்ச்சல் வாறதோ?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. நான் சொன்னால் நம்புவதற்குத் தயாராக நின்றார். அதுதான் என்னைக் கொன்றது.

காய்ச்சல் மானி ஏறினால் தானாக இறங்காது, உதறினால்தான் இறங்கும். மருத்துவமாது அக்கா ஒவ்வொரு வீட்டிலும் அதை உதறுவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஈரம் போவதற்கு உதறுகிறார் என்று நினைத்திருந்தேன். திறமைச் சித்தி!

லாம்புக்கு ஓடினேன். மண்ணெண்ணெய் இல்லை. கடை பூட்டு. விறகு முழுக்க நனைந்து குசினி அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்க, அம்மாதான் சத்தம் போட்டார். "அழுது என்ன? பேக்கரிப் போறணை சூடாக் கிடக்கும், தூக்குங்கோ!"

சந்தியில் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவரின் பேக்கரி இருந்தது. பாண் சுடும் செங்கல் அடுப்பான போறணை அங்கே நாள் முழுக்கச் சூடாகவே இருக்கும். அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அப்பா பெட்டியைத் தலையில் தூக்கினார். எங்களிடம் இருந்த ஒரே குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன். அப்பா நனைந்தார், அம்மா நனைந்தார், நான் நனைந்தேன். வீதியில் நின்றவர்கள் யாருக்குச் செத்தவீடு என்று கேட்டார்கள்.

"பாண் முடிஞ்சுது தங்கச்சி" என்றார் காக்கா.

"பாணுக்கு வரேல்ல காக்கா. குஞ்சு... குளிர்... போறணை..." என்று பெட்டியைக் காட்டினேன்.

அவர் சாக்கை விலக்கிப் பார்த்தார். "உள்ள வைக்கவா, மேல வைக்கவா? உள்ள வச்சா நாளைக்குப் பாணோட விக்கலாம்."

அம்மா "ஐயோ!" என்று கத்த, அவர் சிரித்துக்கொண்டே போறணையின் மேல்தளத்துச் செங்கல்லில் முழங்கையை வைத்துப் பார்த்தார். பலகை ஒன்றைப் போட்டு, பாண் கூடைக்குள் சாக்கை விரித்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். அடுக்கும்போது வாய்க்குள் ஏதோ ஓதினார்.

நாங்கள் மூவரும் பலகை வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு கீச்சு. இன்னொன்று. பிறகு கூடை முழுவதும் ஒரே சந்தை இரைச்சல். அந்த நேரம் பாண் வாங்க வந்த ஒரு மனிதர் மேலே பார்த்துத் திகைத்து நின்றார்.

"காக்கா, உங்கட பாண் கீச்சிடுது."

"புதுப் பாண். சூட்டோட அப்பிடித்தான்" என்றார் காக்கா.

ஒரு கிழமை குஞ்சுகள் அங்கேதான் குடியிருந்தன. நான் காலையும் மாலையும் போய்க் காவல் இருந்தேன். மேலும் இரண்டு செத்தன. ஆறுதலாக இருந்து அந்தக் கைநூலை முதலிலிருந்து வாசித்தேன். குஞ்சுகள் நெருங்கி ஏறினால் குளிர், விலகி ஓடிச் செட்டையை விரித்தால் வெக்கை, பரவி நின்றால் சரி என்று கடைசிப் பக்கத்தில் படத்தோடு போட்டிருந்தது. படம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று நான் புரட்டிவிட்ட பக்கம் அது.

உத்தியோகத்தர் சொன்ன நாளில் வந்தார். எங்கள் முற்றத்தில் குஞ்சுகளை எண்ணினார். இருபத்துநான்கு. சங்கத்துப் பெண்கள் எல்லோரும் மூச்சு விட்டார்கள். காக்காவும் வந்து வேலியோரம் நின்றார்.

"நல்லது பிள்ளை. இந்த மழைக்குள்ள சூட்டை எப்பிடிப் பிடிச்சு வச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா முந்திக்கொண்டார். "மகள் மானி வச்சுப் பாத்தவ, ஐயா."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் விஞ்ஞானியாகவே இருந்திருப்பேன். ஆனால் மழையில் நனைந்து ஓடிய அதே மனிதர் எனக்காகப் பூசி மெழுகுவதைப் பார்க்க ஏலவில்லை. மானி, உதறல், வாளி, போறணை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உத்தியோகத்தர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணீர் பாதி காற்சட்டையில் ஊற்றுப்பட்டது.

"நூலைத் தந்தனான், மானியைத் தரேல்லையே. பாதிப் பிழை என்ரை" என்றார். பதினொரு பேருக்கும் குஞ்சுகள் வரும் என்று எழுதிக்கொண்டார்.

"ஐயா, அடுத்த முறை குஞ்சோட ஒரு போறணையும் சேர்த்துக் குடுங்க. என்ட கூடையெல்லாம் கோழி மணக்குது" என்றார் காக்கா.

தை பிறந்து அந்தப் பதினொரு பேரும் கைநூலை வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம் வந்தார்கள். கூடு அடித்து வைத்திருந்தவள் சொன்னாள், "நூலைப் பிறகு பாப்பம். நீ விட்ட பிழையளை முதல்ல சொல்லு." சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒன்றையும் மறக்கவுமில்லை. அவர்களில் யாருடைய குஞ்சும் குளிரில் சாகவில்லை.

நான் இன்னும் படித்தவள் என்று பெருமைப்படுகிறவள்தான், அதை விடவில்லை. ஆனால் ஒன்றை அடித்துச் சொல்ல வாய் திறக்கிறபோதெல்லாம், எனக்கு முன்னால் நிற்கிறவர் நடுங்குகிறாரா என்று முதலில் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.