அட்டையில் இல்லாத பெயர்

ரப்போலஸ் முப்பத்திரண்டு வருஷம் எங்கள் வில்னியுஸ் குழுவில் பிர்பினே வாசித்தான். முனையில் மாட்டுக்கொம்பு பொருத்திய மரக்குழல் அது. அவன் எப்போதும் இரண்டாவது நாற்காலியில்தான் உட்கார்ந்தான். முதல் நாற்காலியில் என் தங்கை கணவன் வில்யுஸ். நான் அவர்களுக்குப் பின்னால் கம்பி வாத்தியம் மீட்டுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் இசைத்தட்டுப் பதிவு. அன்று காலை வில்யுஸ் உதட்டில் பெரிய கட்டியோடு வந்து நின்றான். ரீகா நகரிலிருந்து வந்திருந்த ஒலிப்பதிவாளர்கள் மதிய ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"டேய் ரப்போலஸ், நீ வாசிடா. என் வாய் உருளைக்கிழங்கு மாதிரி வீங்கிக் கிடக்கு" என்றான் வில்யுஸ்.

ரப்போலஸ் வாசித்தான். கடைசியில் வரும் நீண்ட சுரத்தை மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் இழுத்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் இசைத்தட்டின் அட்டையில் வில்யுஸின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"அடுத்த பதிப்புல மாத்திடலாம்" என்றார் எங்கள் குழுவின் இயக்குநர்.

"நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்டா" என்று வில்யுஸ் அவனைக் கட்டிக்கொண்டான்.

அடுத்த பதிப்பும் அதே அட்டையில் வந்தது. ஞாயிறுதோறும் வானொலியில் அந்த இசை ஒலித்தது. வில்யுஸுக்கு அரசுப் பட்டமும் வெந்நீர் வரும் வீடும் கிடைத்தன. மேடையில் அந்தச் சுரத்தின் நடுவே அவன் மூச்சு வாங்குவான். வயசாகிவிட்டது என்று ஜனங்கள் பரிவோடு பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்போலஸ் குனிந்து தன் குழலின் நாணல் நாக்கைச் சரிசெய்துகொண்டிருப்பான்.

சோவியத்திலிருந்து எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஆறாம் வருஷம் வில்யுஸ் இறந்தான். வானொலியில் அஞ்சலி நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. ரப்போலஸ் அங்கே போய் உண்மையைச் சொன்னான். வாசித்துக் காட்டச் சொன்னார்கள். பொய்ப்பல் கட்டிய வாய். மூச்சு பாதியிலேயே அறுந்தது.

"நல்லாத்தான் அவரை மாதிரி வாசிக்கிறீங்க" என்றாளாம் அங்கிருந்த பெண். "சாட்சி யாராவது உண்டா?"

அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"யாத்விகா, நீ அங்கதான இருந்த. ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

என் தங்கை அப்போதுதான் கணவன் பெயரை ஒரு பள்ளிக்கு வைக்க எழுதிக் கொடுத்திருந்தாள்.

"முப்பது வருஷமாச்சே, எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

"அவன் பொய் சொன்னான், சரி. அவனுக்கு ஆதாயம் இருந்துச்சு. உனக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

இரண்டு குளிர்காலம் கழித்து உக்மர்கே ஊர் ஆஸ்பத்திரியில் அவன் இறந்தான். அடக்கத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்திருந்தோம். அவனைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார் பாதிரியார். கூட வாசித்தவள் என்று எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஒத்திகைக்கு ஒரு நாளும் தாமதமா வந்ததில்ல" என்றேன்.

மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, மூன்றரை மணிப் பேருந்தில் வீடு திரும்பினேன்.