ஈஸ்டர் ஞாயிறு கடை பூட்டு

இந்த வருடமும் அந்தத் தாள் என் காஷ் கவுண்டருக்கு வந்துவிட்டது. ஈஸ்டர் ஞாயிறு அன்றும் கடைகளைத் திறக்க நகரசபை அனுமதிக்க வேண்டும் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டு, கீழே பெயருக்கும் கையெழுத்துக்கும் கோடு அடித்திருக்கிறார் முதலாளி. வாடிக்கையாளர்கள் மரக்கறிப் பையைத் தூக்குகிற அவசரத்தில் வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். நான் போடுவதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், வேலை செய்கிறவர்களுக்கு ஒரு ஞாயிறாவது ஓய்வு வேண்டாமா என்று சொல்லிவைக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. அதைக் கடையில் நின்று சொல்லவும் முடியாது.

எங்கள் பலசரக்குக் கடை ஸ்டீல்ஸ் ரோட்டின் தெற்குப் பக்கம். அதாவது ரொறன்ரோ. ரோட்டைக் கடந்தால் மார்க்கம். இரண்டு பக்கமும் ஒரே பனிதான் கொட்டுகிறது, சட்டம் மட்டும் வேறு. ஈஸ்டர் ஞாயிறு வந்தால் எங்கள் பக்கம் எங்களுடையதைப் போன்ற பெரிய கடைகள் பூட்ட வேண்டும், அந்தப் பக்கம் திறந்திருக்கலாம். வழக்கமான ஞாயிறுகளில் எங்களை யாரும் பூட்டச் சொல்வதில்லை. முதலாளிக்கு இந்த ஒரு ஞாயிறு தீராத வயிற்றெரிச்சல்.

"எங்கட சனம் எங்கட கண்ணுக்கு முன்னால ரோட்டைக் கடந்து போய் அங்க வாங்குது தங்கச்சி. நாங்கள் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?" என்பார்.

ஒரு காலத்தில் அந்தத் தாளில் அதிகம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவள் நான்தான். எனக்கு வாய் நீளம் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். பெரிய வெள்ளிக்குப் பூட்டினால் சம்பளமாவது வரும், ஈஸ்டர் ஞாயிறுக்கு அதுவும் இல்லை. பிறகு என்னத்துக்குப் பூட்டு? தேவாலயம் போகிறவர்கள் போகட்டும், கத்தரிக்காய் வாங்குகிறவர்கள் வாங்கட்டும், யார் யாரைத் தடுத்தது என்று வரிசையில் நிற்கிறவர்களிடம் வாதாடுவேன். வாதாடி முடியும்போது பேனையை நீட்டுவேன்.

மகள் வாட்டர்லூவுக்குப் படிக்கப் போன பிறகு டோர்செட் பார்க் அபார்ட்மென்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். இருவரும் என்று சொல்கிறேனே தவிர, ஒரே நேரத்தில் இருந்தது குறைவு. அவருக்கு விட்பியில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. மாலை நாலரைக்குக் காரில் புறப்பட்டால் காலை ஏழரைக்குத் திரும்புவார். அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே நான் பஸ் எடுத்திருப்பேன். எனக்கு விடுமுறை செவ்வாய். அன்று அவர் பகல் முழுக்க உறங்குவார், நான் சட்டிபானைகளைச் சத்தம் வராமல் கழுவுவேன். அவருக்கு விடுமுறை சனி இரவு. நான் ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரும்போது கிழமை முழுவதும் சேர்த்துவைத்த உறக்கத்தில் கிடப்பார். ஞாயிறு காலை நான் புறப்படும்போதும் அதே உறக்கம்தான். அவர் எழும்பிச் சமைத்து, சாப்பிட்டு, மாலையில் வேலைக்குப் போன பிறகே நான் வீடு வருவேன்.

அவர் வீட்டில் இருந்தார் என்பதற்கு ஈரத் துவாய் கிடக்கும். சோபாவில் ஒரு பள்ளம் இருக்கும். தொலைக்காட்சியின் ஒலி நான் வைத்ததைவிடக் கூடியிருக்கும். வீட்டில் ஒரு வாடகைக்காரர் இருக்கிறார், வாடகை ஒழுங்காகத் தருகிறார், ஆளைத்தான் காணக் கிடைப்பதில்லை என்று கடையில் பகிடி விடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

ஒரு மாசி மாதப் பின்னேரம் லிஃப்டில் பக்கத்து வீட்டு அன்ரி ஏறினார். எங்கள் சமையலறைக்கும் அவர் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை எண்டா எனக்கு ரேடியோ தேவையில்லை" என்றார். "உங்கட ரெண்டு பேற்றை கதையும் சிரிப்பும் கேட்டுக்கொண்டுதான் சமைக்கிறனான். இந்தக் காலத்தில புருசன் பெண்சாதி ஆர் இப்பிடிக் கதைக்கினம்?"

"ஞாயிற்றுக்கிழமை நான் கடையில எல்லோ, அன்ரி."

"என்ன விளையாடுறீரே? உம்மட குரல் எனக்குத் தெரியாதே?"

எங்கள் மாடி வந்தது, அவர் இறங்கிப் போனார். நான் இறங்க மறந்து நின்றேன். லிஃப்ட் என்னையும் கொண்டு திரும்பக் கீழே போனது.

முதலில் எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். என் வீட்டில், என் சமையலறையில், என் சட்டியில் எவளோ சமைத்துச் சாப்பிட்டுச் சிரித்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தபோது காது சுட்டது. அன்று முதல் துப்பறியத் தொடங்கினேன். குளியலறை வடிகாலில் முடி பொறுக்கினேன், தலையணையை முகர்ந்தேன். கிடைத்த முடியெல்லாம் என்னுடையது. வாசமும் நான் பாவிக்கிற எண்ணெயின் வாசம்தான். வேறொருத்தியின் ஒரு முடி கிடைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அழுதிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு இடைவேளையில், பலாப்பழப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அவருக்கு அழைத்தேன். வழக்கமாக நான் ஞாயிறில் அழைப்பதில்லை. நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"கதைச்சுக்கொண்டிருக்கிறன். பேந்து எடும்" என்றார்.

"ஆரோடை?"

தொடர்பு அறுந்துவிட்டது. கையில் போனுடன் நான் அங்கேயே நின்றேன். என் பெயரை மைக்கில் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் கவுண்டருக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை அவர் எழும்பியதும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொய் சொல்வாரோ என்று பயம், உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயம். என் கண்ணாலே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இருபத்திரண்டு வருடக் கலியாணம். அது இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

அதற்கு எனக்கு ஒரு ஞாயிறு வேண்டும். எங்கள் கடையில் ஞாயிறு லீவு கேட்பது வேலையை விடுவதற்குச் சமம். முதலாளி பேச மாட்டார். அடுத்த கிழமை அட்டவணையில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். சுகமில்லை என்று சொன்னால் வீட்டுக்குப் போன் எடுத்து நலம் விசாரிப்பார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆண்டில் ஒரு ஞாயிறு எனக்காக முதலாளியிடம் லீவு கேட்க நகரசபை இருக்கிறது என்று. நான் அதை ஒழிக்கக் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று முதல் அந்தத் தாளை மலிவு விற்பனைத் துண்டுத்தாள்களுக்கு அடியில் வைத்தேன். யாராவது கேட்டால் பேனை எழுதவில்லை என்றேன். பங்குனி முடியும்போது முதலாளி எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன தங்கச்சி, சனத்துக்குக் கை விளங்காமல் போச்சோ என்று கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஈஸ்டருக்கு வழமைபோல வாரும். கடை பூட்டுத்தானே, உள்ளுக்கு நிண்டு தட்டு முழுக்க அடுக்கிப் போடுவம்."

முந்திய வருடங்களில், கையில் தருகிற கொஞ்சக் காசுக்காக, அப்படித்தான் போயிருக்கிறேன். அதனால் என் கணவருக்கு ஈஸ்டரும் எனக்கு வேலை நாள்தான். கடை பூட்டு என்பதே அவருக்குத் தெரியாது.

"நான் வரேல்ல அண்ணை. சட்டம் பூட்டச் சொல்லுது."

"அது வாங்க வாற சனத்துக்கு. உமக்கில்லை."

"எனக்கும்தான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மீன் பக்கம் போனார்.

ஈஸ்டர் அன்று காலை, ஞாயிறுகளில் புறப்படுகிற அதே எட்டரைக்கு, வழமைபோலக் கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உறங்குகிறவரைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டேன். போக இடம் இல்லை. கால் பழக்கத்தில் கெனடி ரோட்டு பஸ்ஸில் ஏறி ஸ்டீல்ஸ் வரைக்கும் போனேன். பஸ்ஸில் என்னைத் தவிர யாரும் இல்லை. சாரதி கண்ணாடியில் என்னை அடிக்கடி பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் கார்த் தரிப்பிடத்தை வெறுமையாக நான் கண்டதே இல்லை. மஞ்சள் கோடுகள் மட்டும் கிடந்தன. தள்ளுவண்டிகள் சங்கிலியில் கட்டியபடி நின்றன. உள்ளே பாதி விளக்கு எரிந்தது, எந்த நாளும் ஓடுகிற பக்திப் பாட்டுக்கூட நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். என் கவுண்டரில், என் நாற்காலியில், யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது கடைக்குள் போடுகிற என் குளிர்ச் சட்டை, முதல்நாள் நான் கழற்றிப் போட்டது என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிவிட்டேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கார்கள் வரிசையில் நின்றன. எங்கள் வாடிக்கையாளர்கள் பையும் கையுமாகப் போனார்கள். இந்தப் பக்கம் பஸ் தரிப்பு வாங்குப் பலகையில் நான் மட்டும் இருந்தேன். யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து மணி வரைக்கும் அப்படியே இருந்துவிட்டுத் திரும்ப பஸ் ஏறினேன்.

எங்கள் மாடி நடையில் வெங்காயத் தாளித வாசம் வந்தது. அன்ரி சமைத்துக்கொண்டிருந்தார். சுவர்களைத் தாண்டி அவரின் கரண்டிச் சத்தமே கேட்கும்போது வேறு என்னதான் கேட்காது? பூட்டுக்குள் திறப்பை வைத்து, சத்தம் வராமல் பல்லுப் பல்லாகத் திருப்பினேன். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திருடி மாதிரி என் வீட்டுக்குள் நானே நுழைந்தேன்.

பேச்சுச் சத்தம் கேட்டது. அவருடைய குரல்தான். ஆனால் அந்தக் குரலை நான் கேட்டுப் பல வருடம். மகள் பிறந்த புதிதில் அப்படிப் பேசுவார்.

சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டியபடி மேசையில் இருந்தார். வேறு யாரும் இல்லை. போனும் இல்லை. மேசையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி. இரண்டிலும் ஆவி பறந்தது. எதிரே இருந்த கோப்பைக்கு, கேட்காமலே இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, வெறும் நாற்காலிப் பக்கம் தள்ளிவைத்தார்.

"இஞ்சரும், இந்தக் கிழமை முழங்கால் சரியா ஏலாமக் கிடந்தது. நிண்டு வேலை செய்யேலாது. சொன்னா நிப்பாட்டிப் போடுவாங்கள் எண்டு வாயைத் திறக்கேல்ல." கொஞ்சம் நிறுத்தினார். தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு சிரித்தார். "ஓம், நீர் சிரிப்பீர். உமக்கென்ன. பிள்ளையும் போன் எடுத்தால் அம்மா நிக்கிறாவோ எண்டுதான் முதல் கேக்கிறாள். எனக்குப் பயமாக் கிடக்கு, விழுந்து கிழுந்து போனனெண்டா ஆருக்குத் தெரியப் போகுது?"

முழங்கால் நோவது எனக்குத் தெரியாது. பயம் இருப்பதும் தெரியாது. ஒளிந்து நிற்பதை மறந்து, பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

"டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்."

அவர் திடுக்கிடவில்லை. திரும்பவும் இல்லை. தன் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தே பதில் சொன்னார்.

"போன கிழமையும் நீர் இதைத்தானே சொன்னனீர்."

போன கிழமை நான் கடையில் நின்றேன். அதற்கு முந்திய கிழமையும் நின்றேன். பயத்துக்கு அடியில் எனக்குப் பொறாமை வந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த நாற்காலியில் இருந்தவளுக்கு அவருடைய முழங்கால் தெரிந்திருந்தது. அவள் சிரிக்கிறாள், புத்தி சொல்கிறாள், அவள் சொன்னதை அவர் ஒரு கிழமை ஞாபகம் வைத்திருக்கிறார்.

கையிலிருந்த சப்பாத்து நழுவி விழுந்தது. அப்போதுதான் அவர் திரும்பினார். லிஃப்டில் முன்பின் தெரியாத ஆள் ஏறினால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார்.

"வேலை இல்லையே?"

"இண்டைக்குக் கடை பூட்டு. சட்டம்."

"ஓ" என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சு, அந்தச் சிரிப்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. இனி முழு நாளும் நாங்கள் இருவரும் இந்த வீட்டில்தான் என்று நினைத்தபோது எனக்குத் திரும்பப் போய் பஸ் ஏறிவிடலாம்போல இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு கணம் கதவைப் பார்த்தார்.

நான் போய் அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்தேன்.

"அதில இல்லை" என்றார் அவசரமாக. பிறகு குரலைத் தணித்து, "இஞ்சால இரும்" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

இருந்தேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துபோய் அலுமாரியிலிருந்து மூன்றாவது கோப்பையை எடுத்துவந்தார். தேத்தண்ணியை ஊற்றினார். கரண்டியைச் சீனிப் போத்தலுக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த ஆளைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

"உமக்கு எத்தினை கரண்டி?"

நான் சீனியை விட்டு நாலு வருடம்.

"ரெண்டு" என்றேன்.