லூர்து அண்ணனும் தரையை உரசும் சிவப்பு வண்டியும்

லூர்து அண்ணன் இறந்துவிட்டார். காரில் இல்லை.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்றிலிருந்து போன் செய்கிற எல்லோரும் "ஆக்சிடென்டா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய கார் போட்டோவைப் போட்டு, கீழே "வேகம் வேண்டாம் நண்பர்களே" என்று எழுதியிருந்தார்கள்.

வேகமெல்லாம் இல்லைங்க. மாரண்டஹள்ளி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

ஓசூரில் ஒரு கம்பெனியில் நாங்கள் ஒரே ஷிஃப்ட். டீ பிரேக்கில் மற்றவர்கள் கிரிக்கெட் பேசுவார்கள். இவர் மட்டும் போனில் ஏதாவது ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் சத்தத்தை ஓடவிட்டு என் காதோடு வைத்துவிடுவார்.

"கேளு தம்பி, கேளு... இப்ப கியர் மாத்துவான் பாரு."

எனக்கு மிக்ஸி ஓடுகிற மாதிரிதான் கேட்டது. அதை அப்படியே சொல்லியும் விட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை மனுஷன்.

அவருடைய அப்பா இறந்த பிறகு, வேலையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்க ஊருக்கே வந்துவிட்டார். வந்த கையோடு ஒரு பழைய சின்ன காரை வாங்கினார். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினார். அகல டயர், சிவப்பு பெயின்ட், பின்னால் ஒரு இறக்கை, உறுமுகிற சைலன்சர்.

பார்த்தால் பறக்கப்போகிற மாதிரி இருக்கும். ஓட்டுவது என்னவோ மாட்டுவண்டிக்கு வழிவிட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர்ப் பணக்காரர்கள் அவரவர் சூப்பர் காரோடு சேலம் ரோட்டில் கூட்டமாக வருவார்கள். அண்ணன் சர்ச்சில் முதல் பூசையை முடித்துக்கொண்டு காரிமங்கலம் தாண்டி ஒரு டீக்கடையில் போய் நின்றுவிடுவார். லீவு கிடைத்தால் நானும் போவேன்.

ஒருநாள் பச்சை நிறத்தில் ஒரு இத்தாலி வண்டி அந்த டீக்கடையிலேயே நின்றது. இறங்கிய பையன் நல்ல பையன். அண்ணன் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு, "உட்காருங்க சார், ஒரு ரவுண்டு போலாம்" என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனோ மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"வேணாங்க. ஒருதடவ ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க. நான் பின்னாடி நின்னுக்கறேன்."

பையன் சிரித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தான். அண்ணன் பின்னால் போய், நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். டீக்கடை கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் அதிர்ந்தன.

வண்டி போனதும் கத்தினேன். "ஏண்ணா உக்காரல? இனிமே கெடைக்குமா?"

"உக்காந்தா உள்ளதான்டா இருப்பேன். வெளிய நின்னாத்தான வண்டியப் பாக்க முடியும்."

எனக்கு இன்றைக்கும் அது சரியென்று படவில்லை. உட்கார்ந்திருக்கலாம்... உட்கார்ந்திருக்கலாம் அண்ணா.

இன்னொன்று சொல்ல வேண்டும்.

ஒரு மழை நாளில் அவருடைய அம்மாவுக்கு மூச்சுத்திணறல். அம்மாவைத் தூக்கி அந்தச் சிவப்பு காரில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வருகிற வழியில் வாய்க்கால்மேல் மேடாக ஒரு சின்னப் பாலம். வண்டியின் அடிப்பக்கம் கல்லில் மோதி, ஆயில் மொத்தமும் கொட்டி, அங்கேயே நின்றுவிட்டது.

பக்கத்துத் தோட்டத்து மாதப்பன் தன் மினி லாரியைக் கொண்டுவந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். பிழைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு வண்டிமேல் மூடிய தார்ப்பாயை அண்ணன் திறக்கவே இல்லை. "வித்துடறேன் தம்பி. என் ஆசைக்கு எங்கம்மாவக் கொல்லப் பாத்தேன்" என்று போனில் அழுதார்.

வாங்குகிற ஆள் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அந்த ஆள் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வெளியே வந்தார்கள்.

"வண்டி விக்கறதில்லைங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்க."

அப்புறம் அண்ணனிடம் திரும்பி, "பாலத்தச் சரி பண்றத வுட்டுப்போட்டு வண்டிய எதுக்குடா விக்கற?" என்றார்கள்.

வந்தவர் காப்பி குடித்துவிட்டுப் போனார். அண்ணனும் மாதப்பனும் பாலத்தின் இரண்டு பக்கமும் மண்ணும் கல்லும் கொட்டி மேட்டைச் சரிவாக்கினார்கள். அடுத்த ஞாயிறு அம்மா முன் சீட்டில் சீட்பெல்ட்டோடு பூசைக்குப் போனார்கள். அண்ணன் போட்டோ அனுப்பினார். அம்மாவின் தலைதான் தெரிந்தது, அவ்வளவு தாழ்ந்த சீட்டு.

இன்று மதியம் அடக்கம். இந்த மனதோடு பைக் ஓட்டாதீங்க என்று மனைவி சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். பஸ்ஸில் வந்தேன். ராயக்கோட்டையில் ஆள் ஏற்ற நின்றது நின்றதுதான். எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் நின்றேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழியில் இறக்கிவிட்டார்கள். ஒரு கைப்பிடி மண் போட்டேன்.

அம்மா ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மொகத்தப் பாத்தியா தம்பி?"

"இல்லைங்கம்மா... மூடிட்டாங்க."

"நல்லாத்தான் இருந்தான். நேத்து காலையில சவரம் பண்ணிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போனான். நீலச் சட்ட போட்டுவுட்டோம். நெத்தியில மட்டும் இங்க... லேசா ஒரு சுருக்கம்."

என் நெற்றியில் விரலை வைத்துக் காட்டினார்கள்.

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். ஓசூர் பஸ் வந்தது, போய்விட்டது. அடுத்ததும் வந்துவிட்டது. ஏற மனசில்லை... நிற்கவும் முடியவில்லை.

சரிங்கண்ணா. நான் கிளம்பறேன்.