கண்மூடிக் கேட்டவர்

டூங்கபி புறநகரில் கணினி திருத்துபவர் அவர். மெலிந்த உடல், மழையில் நனைந்த தொப்பி; என் வீட்டுக்கு வந்திருந்தார். மறுநாள் சேர்ந்திசைக் குழுவுக்கு நான் இசையமைத்துக் கொடுக்க வேண்டிய பாடலில், இசைக்குறிகளெல்லாம் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன.

அவர் திரையைப் பார்க்கவில்லை. "ஒருக்கா வாசிக்க விடுங்கோ" என்று கண்களை மூடிக்கொண்டார். கணினி வாசித்தது. மழைச் சத்தமும் பாட்டுக்குள் வந்து கலந்தது.

"பாட்டு அப்படியே இருக்கு. ஃபொண்ட்தான் அழிஞ்சு போட்டுது."

அந்த எழுத்துருவை மறுபடி ஏற்றினார். கட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறிகளாக மலர்ந்தன.

"எல்லாம் சரியாயிடுச்சா?" என்றேன்.

"ஓம். ஆனா கடைசி வரிக்கு முதல் ஓரிடம் இடறுது. அது கொம்பியூட்டரின்ர பிழையில்லை."

"உங்களுக்கு இசை தெரியுமா?"

"தெரியாது" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு மழைக்குள் போய்விட்டார்.

மூன்று வாரமாக எனக்கும் அங்கேதான் இடறியது. யாரிடமும் சொன்னதில்லை.