மேலே இருந்த கண்ணாடி

கணவனை அடக்கம் செய்த அன்று மைட்டே சவப்பெட்டியின் மேல் கை வைத்து அழுதாள். கையை எடுத்ததும் கையோடு கை ஒரு தட்டுத் தட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, புறங்கையையும் திருப்பி மேலே காட்டினாள். பாதிரியார் அதை ஏதோ ஜெபம் என்று நினைத்துக்கொண்டார்.

அது ஜெபம் இல்லை. ரீனோ நகரத்துச் சூதாட்ட மேஜைகளில் சீட்டுப் போடும் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். மேஜையை விட்டு நகரும்போது, பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் சில்லு எதையும் கையில் ஒளிக்கவில்லை என்று கூரைக் கண்ணாடிக்குக் காட்ட வேண்டும். கண்ணாடிக்கு மேலே ஓர் ஆள் நின்று பார்ப்பான். அவனுக்குக் கீழே இருப்பதெல்லாம் தெரியும். கீழே நிற்பவளுக்குத் தன் முகம்தான் தெரியும்.

மைட்டே அந்த வேலையை இழந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. சில்வர் ஹெரான் சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிறவர்கள் தொழிற்சங்கம் வைக்கக் கிளம்பினார்கள். கையெழுத்து வாங்கியது மைட்டே. அந்த வாரமே சூப்பர்வைசர் க்ரெய்ன் அவளைக் கூப்பிட்டான்.

"நூறு டாலர் சில்லு ஒண்ணு கொறையுது. நீ கையக் காட்டாம எறங்கிட்ட."

"காட்டினேன் சார்."

"மேல இருந்தவன் பாத்துட்டான். மேலங்கியக் கழட்டி வச்சுட்டுக் கெளம்பு."

விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. முதலாளிக்கு இவ்வளவு போதும். மறுநாளிலிருந்து யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஊரில் வேறு எந்தச் சூதாட்ட விடுதியும் அவளை உள்ளே விடவில்லை. ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை வெளுத்தே வயதானாள்.

வேலை போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. அன்றைக்குக் கையைக் காட்டினோமா என்பது அவளுக்கு நினைவில்லை. தினமும் ஓயாமல் செய்கிற காரியத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் எப்படித் தனியாக நினைவில் நிற்கும்? "காட்டினேன்" என்று க்ரெய்னிடம் சொன்னபோதே அவளுக்குச் சந்தேகம்தான். பாத்திரம் கழுவி முடித்தாலும், பேருந்துக் கம்பியை விட்டாலும், கை தானாகத் தட்டி, விரிந்து, மேலே காட்டியது. வீட்டுக் கூரையில் கண்போல் இருந்த, புகை வந்தால் அலறும் மணியை ஒருநாள் நாற்காலி போட்டு ஏறிப் பிடுங்கி எறிந்தாள்.

சில்வர் ஹெரானை இடித்த பிறகு அதன் சாமான்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். சில்லுகள், சாம்பல் கிண்ணங்கள், நடுவில் துளை போட்டுக் கழித்த சீட்டுக்கட்டுகள். சேகரிப்பவர்கள் கூடும் சந்தைகளில் ஒன்றையும் விடமாட்டாள். ஒவ்வொரு கடையிலும் சில்லைப் பார்ப்பதற்கு முன்னால், அங்கே வேலை பார்த்தீர்களா, மேலே நின்றது யார் தெரியுமா என்று கேட்பாள். அந்த ஆள் கிடைத்தால் போதும். அவன்தானே பார்த்தவன்.

"ஏண்டி, மத்தவளுங்க கெழவனுங்களத் தேடி டான்ஸுக்குப் போறாளுங்க. நீ சில்லுக்கடையில தேடுற" என்பாள் டோரீன். சலவைக்கூடத்துத் தோழி. கார் ஓட்டுகிறவளும் அவள்தான்.

"நீ வண்டிய ஓட்டு."

இந்த வசந்தத்துச் சந்தையில் ஓர் ஓரத்து மேஜையில் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று சாய்ந்து நின்றது. பின்னால் காதுக்கருவி மாட்டிய கிழவர் டோனட் தின்றுகொண்டிருந்தார்.

"ஹெரான் கூரையிலேர்ந்து எடுத்தது மேடம். அசல். நானே மேல நின்னவன். பேரு ஆர்லோ."

மைட்டே தன் வேலை போன வருஷத்தைச் சொன்னாள், மாதத்தைச் சொன்னாள், மேஜை எங்கே இருந்தது என்று சொன்னாள். "நான் கையக் காட்டினேனா?"

ஆர்லோ டோனட்டைக் கீழே வைத்தார். "அந்தக் குளிர்காலம் பூரா மேல யாருமே இல்லம்மா. சம்பளம் மிச்சம்னு எங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கண்ணாடி இருந்தாப் போதும், ஆளு எதுக்குன்னாரு மொதலாளி. கீழ யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு."

"க்ரெய்ன் சொன்னானே, பாத்தாங்கன்னு."

"அவனுக்கும் தெரியும், மேல ஆளில்லன்னு. மேல ஏறுற ஏணிக் கதவுச் சாவியே அவன்கிட்டதான் இருந்துச்சு."

டோரீன் மேஜையை ஓங்கிக் குத்தினாள். "கேட்டியாடி! அத்தனையும் பொய்! நீ திருடல! சங்கத்த ஒடைக்கத்தான் இந்த நாடகம்!"

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் மைட்டே. "நான் காட்டினேனான்னு யாரு சொல்லுவா இனிமே?"

ஆர்லோ கண்ணாடிக்குப் பாதி விலை சொன்னார். மைட்டே முழுப் பணத்தையும் மேஜையில் வைத்தாள். வைத்த கை தட்டியது, விரிந்தது, மேலே போனது. மண்டபக் கூரையில் குழாய்களும் மின்விசிறிகளும் மட்டும் இருந்தன.

மறுநாள் காலையில் வெயில் சமையலறை மேஜையில் விழுந்தபோது, சேர்த்து வைத்திருந்த சில்லுகளை எல்லாம் அதில் பரப்பினாள். கண்ணாடியை இருட்டு நடையின் வாசலில் நிறுத்தி, பின்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மேஜை, சில்லு, காலி நாற்காலி.

டோரீன் வந்து வெளிக்கதவைத் தட்டினாள். "மைட்டே! செத்துட்டியாடி? தொறடி!"

மைட்டே அசையவில்லை. மேஜையின் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அன்றைய அவளுடைய இரண்டு கைகள் வந்து விரிய வேண்டும். கண்ணை எடுத்தால் அந்த நேரம் பார்த்து வந்துவிடும்.