எல்லாக் கப்பிலும் வேலுச்சாமி அண்ணன்

லோகோ வரைந்து பிழைக்கிற எங்களுக்கு ஒரு வியாதி உண்டு: சாப்பிடப் போனால்கூட இலையைப் பார்ப்பதற்கு முன்னால் போர்டையும் மெனு கார்டையும் பார்ப்போம், இரண்டிலும் எழுத்து வேறு வேறாக இருந்தால் சோறு இறங்காது. நீங்களும் இந்தத் தொழில் என்றால் தலையாட்டுவீர்கள்.

திண்டுக்கல்லில் நான் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். போர்டு, பை, கேக் பெட்டி, விசிட்டிங் கார்டு எல்லாம் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் பாடம் எடுப்பேன். அதைக் கடைசிவரை கேட்ட ஒரே வாடிக்கையாளர் வேலுச்சாமி அண்ணன். கன்னிவாடிக்காரர். டீயும் பேக்கரியுமாக டவுனில் இரண்டு கடை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் ஒன்று. அவரைப் பற்றித்தான் இதெல்லாம்.

மூன்று பச்சை

நான் கொடுத்தது ஒரே பச்சை. இங்கே அடித்த போர்டு வாழையிலை நிறத்தில் வந்தது. சிவகாசியில் அடித்த கேக் பெட்டி வேப்பிலை நிறம். வெளியூரிலிருந்து வந்த பேப்பர் கப் பாசி நிறம். மூன்றையும் வெயிலில் வரிசையாக வைத்து, எது எவ்வளவு மாறியிருக்கிறது என்று அவரை நிற்க வைத்து விளக்கினேன். கல்லாவில் ஆள் காத்துக்கொண்டிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அமுதா, இந்தத் தம்பி பச்சை பாக்குற மாதிரி நான் பொண்ணுகூடப் பாக்கலயே."

முகம்

டம்ளர், தேயிலை, கேக் என்று என்னென்னவோ வரைந்து பார்த்தேன். எதுவும் சரிப்படவில்லை. ஒரு நாள் அவர் டீ ஆற்றிக்கொண்டே யாரையோ கிண்டலடித்துச் சிரித்தார். மொபைலில் படம் எடுத்து, மீசையும் சிரிப்புமாகக் கோடுகளில் வரைந்து, அவரையே லோகோ ஆக்கிவிட்டேன். அவருக்குக் கூச்சம். நான் விடவில்லை.

போர்டில் இருக்கிற முகம் எல்லாச் சாமானிலும் இருக்க வேண்டும், ஒரு முடி மாறக்கூடாது என்று எழுதியே கொடுத்தேன். தீபாவளி, பொங்கலுக்குக் கட்டுகிற ஆபர் பேனரிலும் அதே பச்சை, மஞ்சள் எழுத்து, அந்தச் சிரிப்பு. ஒட்டன்சத்திரம் கடையில் கப்புக்கு மட்டும் பூப்படம் போதாதா என்று கேட்டார்கள். போன் போட்டுச் சண்டை பிடித்தேன். புதுக் கப் வந்த அன்று அண்ணன் அதில் டீ ஊற்றி, வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். "என்னைய நானே உறிஞ்சுறாப்புல இருக்கு தம்பி."

பேனர்

அதற்கப்புறம் இரண்டு வருடம்கூட அவர் இல்லை. ஒரு காலையில் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அமுதா அக்காவின் தம்பி போன் செய்து கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டார். வேறு போட்டோ தேடுகிற நிலையில் வீட்டில் யாரும் இல்லை, உங்களிடம் இருப்பதையே போடுங்கள் என்றார்.

அழுதுகொண்டேதான் செய்தேன். கை மட்டும் பழக்கப்பட்ட வேலையைப் பார்த்தது. அதே பச்சை, அதே மஞ்சள் எழுத்து, அதே சிரிப்பு. கீழே தோற்றம், மறைவு. கட்டி முடித்து அண்ணாந்து பார்க்கும்வரை எனக்கே உறைக்கவில்லை.

ஒட்டன்சத்திரம் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தக்காளிப் பெட்டி இறக்கிவிட்டு டீக்கு வந்த ஒருவர் தூரத்திலிருந்தே பேனரைப் பார்த்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நிறத்தையும் சிரிப்பையும் பார்த்தால் சலுகை என்று நினைக்கும்படி ஊரைப் பழக்கியதே நான்தான். பக்கத்தில் வந்து என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, ஆபர் இன்னைக்கு மட்டுந்தானுங்களா?"

அக்கா வந்த அன்று

மூன்று மாதம் கழித்து அமுதா அக்கா என் கடைக்கு வந்தார். இப்போது மூன்று கடையையும் அவர்தான் பார்க்கிறார். அடுத்த லோடு கப்புக்கு ஆர்டர் போக வேண்டும், அதில் முகம் வேண்டாம் என்றார். முகத்தை எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அவர் தம்பி தடுக்கிறானாம். நீ சொன்னால் கேட்பான் என்று என்னிடம் வந்திருக்கிறார்.

நானும் தம்பி பக்கம்தான் பேசினேன். அந்த முகத்தைத் தேடித்தான் ஆள் வருகிறது, கப்பில் இல்லாமல் போர்டில் மட்டும் இருந்தால் கடையே வேறு மாதிரி ஆகிவிடும், அண்ணன் நினைவாகவும் இருக்கட்டும் என்றேன்.  அக்கா பைக்குள்ளிருந்து ஒரு கப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். நசுங்கியிருந்தது. அண்ணனின் சிரிப்புக்கு மேல் செருப்புத் தடம். அண்ணன் பிணத்தைப் பார்த்தபோதுகூட நான் அப்படி ஒடிந்துபோகவில்லை.

"போர்டுல இருக்கட்டும் தம்பி, அங்கன அவரு ஒசரத்துல இருக்காரு. காலையில வாசல் கூட்டுறது நாந்தான். மிதிபட்டுக் கெடக்குறவர மூணு மாசமா தொடப்பத்தால தள்ளி அள்ளுறேன்."

கப்பிலிருந்து முகத்தை அன்றே எடுத்துவிட்டேன், இப்போதெல்லாம் புதிதாக லோகோ கேட்டு வருகிறவரிடம் பிடித்த நிறம் கேட்பதற்கு முன்னால், உங்கள் சாமானை ஜனங்கள் கடைசியில் எங்கே வீசுவார்கள் என்று கேட்டு, தொழில் தெரியாதவன் என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.